வளர்ந்தவர் கையில் விளையாட்டுக் கட்டைகள்



வீடு சந்திப்புக்குச் செல்லும் ஊழியக்காரனிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எதிர்பார்க்கக் கூடியவையே. கடன், வரன், வேலை, பிள்ளைகளின் படிப்பு, மாமியார் மருமகள் மனத்தாங்கல் என்று அவை வரிசையாய் வரும். ஆனால் அண்மைக் காலத்தில் பட்டணத்து வீடுகள் சிலவற்றில் ஒரு புதிய கேள்வியைக் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், கேட்கிறவருடைய கண்களில் மட்டும் சிரிப்பு இருப்பதில்லை. "ஐயா, நாற்பது வயதைத் தாண்டிய மனுஷன் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விளையாடலாமா? வேதமே குழந்தைக்குரியதை விட்டுவிடச் சொல்லவில்லையா?"

இது சிறிய கேள்வி அன்று. ஒரு மனிதன் வேலை முடிந்து வீடு திரும்பியபின் தன் மனதை எங்கே வைக்கிறான் என்பது அந்த வீட்டின் சமாதானத்தைத் தீர்மானிக்கிற காரியம். ஆகவே இம்மாதம் இதையே சிந்திப்போம். தீர்ப்புச் சொல்லுமுன், அந்தக் கட்டைகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

தச்சுப் பட்டறையில் பிறந்தது

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். தேவபக்தியுள்ள மனிதர். 1916-ஆம் ஆண்டு ஒரு தச்சுப் பட்டறையை வாங்கி, வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் மரவேலை செய்து பிழைத்துவந்தார். 1924-இல் அவருடைய சிறுவர்கள் மூட்டிய நெருப்பு மரச்சீவல்களில் பற்றி, பட்டறையும் வீடும் எரிந்துபோயின. திரும்பக் கட்டினார். பின்னர் உலகையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சி வந்தது. விவசாயிகளிடம் பணம் இல்லாமற்போகவே தச்சரிடம் வேலையும் இல்லாமற்போயிற்று. அந்த 1932-ஆம் ஆண்டிலேயே அவருடைய மனைவியும் இறந்தார். நான்கு ஆண் பிள்ளைகள், வேலையில்லாத பட்டறை, வெறுமையான வீடு. அந்த ஆண்டில்தான் அவர் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். வளர்ந்த மனிதர் பொம்மை செய்வதா என்று உற்றார் முகஞ்சுளித்ததாகச் சொல்லப்படுகிறது.

1934-இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிய மொழிச் சொற்களின் சுருக்கம் அது. 1942-இல் மறுபடியும் தீ. தொழிற்சாலை முழுவதும் சாம்பலாயிற்று. மறுபடியும் கட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரம் ஒன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். இங்கிலாந்தில் ஒருவர் ஏற்கெனவே செய்திருந்த பிளாஸ்டிக் கட்டைகளின் மாதிரியைப் பின்பற்றி, 1949-இல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் தம் முதற்கட்டைகளை வெளியிட்டார்.

அந்நிறுவனத்தார் இன்றும் சொல்லிவரும் ஒரு சம்பவம் உண்டு. அவர் மகன் காட்பிரெட் ஒருநாள் மர வாத்துப் பொம்மைகளுக்கு வழக்கமான மூன்று பூச்சு வார்னிஷுக்குப் பதிலாக இரண்டே பூச்சுப் பூசி ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, நிறுவனத்துக்குப் பணம் மிச்சமாயிற்று என்று தகப்பனிடம் பெருமையோடு சொன்னான். தகப்பன் பாராட்டவில்லை. உடனே போய் வாத்துகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சையும் பூசி, மறுபடியும் ரயிலேற்றும்படி கட்டளையிட்டார். உதவிக்கு யாரையும் அனுப்பவுமில்லை. விளையாட்டுப் பொருள்தானே என்று அவர் எண்ணவில்லை. குழந்தையின் கைக்குப் போகிற பொருளிலும் உண்மை வேண்டும் என்பது அவருடைய விசுவாசத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

பிடிப்பு உள்ளே இருக்கிறது

அந்த முதற்கட்டைகளில் ஒரு குறை இருந்தது. மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தன. அடிப்புறமோ வெறுங்கூடாய் இருந்தது. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். 1958 ஜனவரி 28 அன்று காட்பிரெட் ஒரு புதிய அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். கட்டையின் வெற்றுக் கூட்டுக்குள் சிறு குழாய்களை வைத்தார். கீழ்க்கட்டையின் குமிழ் மேற்கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எந்த மாறுதலும் தெரியாது. பிடிப்பு உள்ளே இருக்கிறது! இதற்குச் சில வாரங்களுக்குள், அவ்வாண்டு மார்ச் மாதத்தில், முதிய தச்சர் கண்மூடினார்.

அந்த அளவு அதன்பின் மாறவேயில்லை. 1958-இல் செய்யப்பட்ட கட்டையும் இவ்வாண்டு செய்யப்படும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தாத்தாவின் பெட்டியில் கிடந்ததைப் பேரனின் கோபுரத்தில் வைக்கலாம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிடிப்புக் கெட்டுவிடும் என்பதால் அச்சுகள் அத்தனை நுட்பமாய் வெட்டப்படுகின்றன.

இன்னொரு ஆச்சரியம். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு மட்டும் உங்களிடம் இருந்தால் அவற்றை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். விடை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறு கட்டைகள்! உள்ளங்கையில் அடங்குபவை. "என்னிடம் கொஞ்சந்தானே இருக்கிறது" என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

விரல்கள் மறப்பதில்லை

கட்டைகளால் கட்டும் ஆசை வளர்ந்தபின்னும் ஏன் விடுவதில்லை? இதற்கு லெகோவுக்கு முந்திய சான்றே இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு போதகரின் மகனாக 1782-இல் பிறந்து, கைக்குழந்தையாய் இருக்கும்போதே தாயை இழந்த பிரடெரிக் பிரோபெல் என்பவரே உலகுக்கு 'கிண்டர்கார்டன்' பள்ளியைத் தந்தவர். அவர் குழந்தைகளுக்குப் புத்தகத்தைக் கொடுக்குமுன் மரக்கட்டைகளைக் கொடுத்தார். எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம் அவற்றுள் ஒன்று. பிரித்தும் சேர்த்தும் பார்க்கிற குழந்தை, உலகில் பகுதிகள் சேர்ந்து முழுமை ஆவதைக் கையாலேயே கற்றுக்கொள்ளும் என்று அவர் நம்பினார்.

அமெரிக்காவில் ஒரு தாய் 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கட்டைகளைக் கண்டு தன் மகனுக்கு வாங்கிக்கொடுத்தார். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞராகிய பிராங்க் லாயிட் ரைட். முதிய வயதிலும் அந்த மரக்கட்டைகளின் வடிவம் தம் விரல்களில் தங்கியிருப்பதாக அவர் எழுதினார். குழந்தைப் பருவத்தில் கைகள் கற்றதை முதுமை அழிப்பதில்லை.

இதை வியாபாரிகளும் கண்டுகொண்டார்கள். 2008-இல் லெகோ நிறுவனம் ஏறக்குறைய 5,900 துண்டுகள் கொண்ட தாஜ்மகால் பெட்டியை வெளியிட்டது. அது சிறு குழந்தைக்கான பொருள் அன்று. 2020 முதல், 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே குறியிட்ட பெட்டிகள் வருகின்றன. இத்தகைய பெரிய பெட்டிகளின் விலை நம் நாட்டில் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தையே எட்டிவிடுகிறது. விளையாட்டு எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று விழித்திருந்து பார்க்கவேண்டியது நம் கடமை.

ஆயினும் ஒன்றை மறுக்கமுடியாது. இன்றைய பட்டண வேலையில் உழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவெல்லாம் காவல் இருந்தவர் விடியும்போது எதைக் காட்டுவார்? நாளெல்லாம் கணினியின் முன் அமர்ந்தவர் கையில் என்ன மிஞ்சுகிறது? மாலையில் ஒரு சிறு சுவரைக் கட்டி, "இது என் கை செய்தது" என்று பார்க்க விரும்புவது இயல்பான தாகம். மனிதனை உண்டாக்கினவர் தாமே உண்டாக்குகிறவர் அல்லவா?

தங்கவயலின் இரும்புக் கோபுரம்

இனி நம் கோலார் தங்கவயலுக்கு வருவோம். இங்கே வாழ்ந்தவர்களுக்குக் கட்டுவது பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்ததுமுதல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை பூமியைக் குடைந்தார்கள். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது. பாறை சரியாமலிருக்க ஆழத்தில் மரத்தூண்களையும் கருங்கல் சுவர்களையும் அடுக்கினார்கள். அந்தச் சுவர்களைச் சூரியன் கண்டதில்லை. ஆனால் அவற்றின்மேல் ஆயிரமாயிரம் பேருடைய உயிர் நின்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலே நம் பிள்ளைகளின் புதிய சுரங்கமாயிற்று. பெங்களூருக்குப் போய் வந்தவர்களில் பலர் பின்பு அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

அப்படிக் குடியேறிய ஒரு சகோதரரைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். அவர் தகப்பனார் பல ஆண்டுகள் சுரங்கத்தின் அடியில் உழைத்தவர். சிறுவயதில் தீபாவளி, கிறிஸ்துமஸ் தீப்பெட்டிகளையெல்லாம் சேர்த்து வைத்துச் சுரங்கக் கோபுரம் கட்டி விளையாடியவர் இச்சகோதரர். நாற்பத்தைந்து வயதில் மகனுக்கென்று வாங்கிய ஒரு பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி அவரைப் பிடித்துக்கொண்டது. இரவுதோறும் உட்கார்ந்து, கயிறு ஓடும் சக்கரத்தைத் தாங்கிநிற்கும் அந்தப் பழைய இரும்புக் கோபுரத்தைக் கட்டை கட்டையாய் எழுப்பினார். துண்டுகள் போதாமற்போகவே மேலும் மேலும் வாங்கினார்.

சுரங்கம் மூடியபின் அவர் தகப்பனார் அதைப்பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. அவர் இரண்டு நாள் அந்தக் கோபுரத்தைப் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "டேய், சக்கரம் ஒண்ணுதான் வெச்சிருக்கே. ரெண்டு வேணும்டா. ஒரு கூண்டு எறங்கும்போது இன்னொரு கூண்டு ஏறணும்."

அன்றிரவு தகப்பனும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். ஆழத்தின் வெப்பம், பாறை வெடித்த ஒரு நாள், கூண்டில் கூடவே இறங்கித் திரும்பி ஏறாத ஒரு நண்பர் என்று இருபது ஆண்டுகளாய்ப் பேசாதவை எல்லாம் வந்தன. எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியும் திறவாத வாயை ஒரு பொம்மைக் கோபுரத்தின் குறை திறந்தது.

ஆனால் அந்த வீட்டுச் சகோதரி என்னிடம் கண்ணீரோடு சொன்னது வேறு. பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்த பணத்தில் ஒரு பகுதி கட்டைகளுக்குப் போயிருந்தது. கோபுரம் பீரோவின்மேல் ஏறிவிட்டது. பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. சின்னவன் நாற்காலி போட்டு எட்டித் தொட்டு ஒரு மூலை சரிந்தபோது, தகப்பன் போட்ட கூச்சலில் அவன் இரண்டு நாள் அவர் பக்கமே போகவில்லை. ஒரே கோபுரம்தான், முதியவரை மகனோடு சேர்த்தது, சிறியவனைத் தகப்பனிடமிருந்து பிரித்தது.

பவுல் சொன்னது என்ன?

இப்போது அந்த வசனத்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 13:11-இல் பவுல் தாம் பெரியவனானபோது குழந்தைக்குரியவைகளை ஒழித்துவிட்டதாகக் கூறுகிறார். அந்த அதிகாரம் எதைப் பற்றியது? அன்பைப் பற்றியது. அன்பில்லாமல் வரங்களைப் பற்றிப் பெருமை பாராட்டி, எனக்கா உனக்கா என்று போட்டியிட்ட சபைக்கு எழுதப்பட்டது. அடுத்த அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில் அவரே, துர்க்குணத்தில் குழந்தைகளாயும் புத்தியில் தேறினவர்களாயும் இருக்கும்படி சொல்லுகிறார். ஆக, பவுல் விடச்சொன்னது மரக்கட்டையையோ மண்பொம்மையையோ அன்று. "இது என்னுடையது, நீ தொடாதே" என்னும் குழந்தையின் பிடிவாதத்தையே. அந்தப் பிடிவாதம் பொம்மையே இல்லாத வீட்டிலும் இருக்கலாம். கார், நிலம், பதவி இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அழுகிற பெரியவர்கள் எத்தனை பேர்!

2014-இல் இந்தக் கட்டைகளை மையமாக வைத்தே ஒரு திரைப்படம் வந்தது. திரைப்படங்களைப் பரிந்துரைப்பது இப்பக்கத்தின் வழக்கமன்று. கதையின் கருத்துக்காக மட்டும் குறிப்பிடுகிறேன். அதில் வரும் தகப்பன் தாம் கட்டிய பெரிய நகரத்தை யாரும் கலைத்துவிடக் கூடாதென்று கட்டைகளைப் பசைபோட்டு ஒட்டிவிடப் பார்க்கிறார். மகனோ அவற்றைப் பிரித்துப் புதிதாய்க் கட்ட விரும்புகிறான். கட்டையை ஒட்டிவிட்டால் அது கட்டையாயிராது, சிலையாகிவிடும் என்பதைத் தகப்பன் கடைசியில்தான் உணர்கிறார்.

மூன்று கேள்விகள்

ஆகவே, "விளையாடலாமா கூடாதா" என்று கேட்பதைவிட, இந்த மூன்று கேள்விகளை வீட்டில் இருவருமாய் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள்.

1. இது யாருடைய பணம்? பிள்ளையின் கட்டணத்துக்கும் பெற்றோரின் மருந்துக்கும் உரிய பணத்தால் வாங்கப்பட்டது எதுவாயினும், அது பரிசுத்தமான புத்தகமே ஆனாலும், இன்னொருவருடைய பங்கை எடுத்ததாகும். மாதம் இவ்வளவு என்று மனைவியின் சம்மதத்தோடு ஒரு தொகையை வரையறுத்து, அதைத் தாண்டாதிருங்கள். இருக்கிற கட்டைகளைப் பிரித்தாலே புதிய கட்டடத்துக்குப் பொருள் கிடைத்துவிடும். அந்த ஆறு கட்டைகளின் கணக்கை மறவாதிருங்கள்.

2. இது என்னை எதற்கு ஆயத்தப்படுத்துகிறது? ஒருமணி நேரம் கட்டியபின் மனம் அமர்ந்து, மனைவியின் பேச்சைக் கேட்கவும் ஜெபிக்கவும் உறங்கவும் முடிகிறதென்றால் அது இளைப்பாறுதல். நள்ளிரவுவரை நீண்டு, காலையில் எரிச்சலாய் எழச்செய்கிறதென்றால் அது எஜமான். "குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, இதைத்தானே செய்கிறேன்" என்று சிலர் வாதாடுவார்கள். குடிக்காதிருப்பது நல்லது, ஆனால் வீட்டுத் தலைவனுக்கு அது மட்டுமே அளவுகோலானால் அது மிகத் தாழ்ந்த அளவுகோல்.

3. இதில் இன்னொருவருக்கு இடம் உண்டா? இதுவே முக்கியமான கேள்வி. நான் சொன்ன சகோதரரின் வீட்டில் இதற்கு விடை கொடுத்தவர் அந்த முதியவரே. பீரோவின்மேலிருந்த கோபுரத்தைக் கீழே இறக்கச்சொல்லி, பேரனைக் கூப்பிட்டு, "நீ பிரிச்சுக் கட்டுடா" என்றார். மகன் தடுக்கப்போனபோது அவர் சொன்னது: "மைன்ஸே போச்சு. அதை யாராலயும் திரும்பக் கட்ட முடியல. இதையாவது திரும்பக் கட்டலாம் இல்ல?" மூவரும் சேர்ந்து கட்டிய இரண்டாம் கோபுரம் முதலாவதைவிடக் கோணல்தான். ஆனால் அதில் இரண்டு சக்கரங்களும் இருக்கின்றன; சின்னவன் வைத்த நிறமாறிய கட்டைகளும் இருக்கின்றன.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவரின் கையில் பொம்மையைக் கண்டவுடன் பரிகாசம் செய்யாதிருங்கள். முதலில், "இது என்ன? எதைக் கட்டுகிறீர்கள்?" என்று கேளுங்கள். வேலையை இழந்தவர்களும் ஊரை இழந்தவர்களும் தங்கள் துக்கத்தைப் பேசுவதற்குச் சொல் கிடைக்காமல் கைகளால் பேசுவதுண்டு. பணத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் கண்டிப்பாய்ப் பேசுங்கள். அந்தத் துக்கத்தைக் குறித்து மட்டும் சிரிக்காதேயுங்கள்.

பிரியமானவர்களே, அந்த டேனியத் தச்சரின் பட்டறை இரண்டுமுறை எரிந்தது, இரண்டுமுறையும் கட்டினார். நம் தங்கவயலின் சுரங்கத்தையோ நாம் திரும்பக் கட்டமுடியவில்லை. சயனைட் மேடுகளும் துருப்பிடித்த கோபுரங்களுமே மிஞ்சின. ஆனால் சுரங்கத்தின் ஆழத்தில் ஒருவர் தோளை ஒருவர் நம்பிநின்ற அந்தப் பிடிப்பை நம் வீடுகளுக்குள் கொண்டுவரலாம். கட்டைகளைப் போலவே குடும்பத்தின் பிடிப்பும் வெளியிலிருந்து தெரிவதில்லை, தூக்கும்போதுதான் தெரியும். இன்று மாலை உங்கள் வீட்டில் எது கட்டப்பட்டாலும், அதில் ஒரு கட்டையாவது உங்கள் பிள்ளையின் கை வைத்ததாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் உங்கள் கைகளின் கிரியையையும் ஆசீர்வதிப்பாராக.